ஆரம்ப வேகம் அடங்கிய பிறகும் இலக்கு நகர: திட்டமிடும் முறை

புது இலக்கு ஒன்றை முடிவுசெய்த முதல் வாரத்தில் யாருக்கும் பெரிய சிக்கல் வருவதில்லை. நோட்டு வாங்குவோம், அலாரம் வைப்போம், சொன்ன நேரத்துக்கு எழுந்தும் விடுவோம். மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் சறுக்கல் தொடங்கும். அப்போது பலரும் தங்களுக்கு மன உறுதி போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை இலக்கை வகுத்த விதத்தில் இருக்கிறது. எதை, எந்தெந்தக் கிழமை, எங்கே, எவ்வளவு என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமலேயே ஆரம்பித்திருப்பார்கள். பதில் இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் புதிதாக முடிவெடுக்க வேண்டும். களைத்துப்போன மாலையில் எடுக்கும் முடிவு எப்போதும் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்பதாகவே இருக்கும்.

அந்தப் பதில்களைத் தெம்பாக இருக்கும் நேரத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பதுதான் இங்கே சொல்லப்படும் முறை. ஒரு தாள், கட்டம் போட்ட ஒரு நாட்காட்டி, முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு வாரத்துக்கு 20 நிமிடம். இவ்வளவு போதும். கணக்கு தெளிவாகப் புரிய ஓர் உதாரணத்தைக் கடைசிவரை எடுத்துச் செல்வோம்: வேலை பார்த்துக்கொண்டே ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும், தேர்வுக்கு 16 வாரம் இருக்கிறது, படிக்க வேண்டிய பாடநூல் 480 பக்கம்.

எதை எடுப்பது, எதை விடுவது

மனதில் இருக்கும் எல்லா ஆசைகளையும் முதலில் தாளில் கொட்டிவிடுங்கள். உடல் எடை, மொழி, சேமிப்பு, இசை, தேர்வு என்று பத்துக்குக் குறையாமல் வரும். அதிலிருந்து அடுத்த மூன்று மாதத்துக்கு ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டு வேண்டும் என்றால், இரண்டும் ஒரே நேரத்தையும் ஒரே வகைத் தெம்பையும் கேட்காதவையாக இருக்க வேண்டும். காலையில் நடை, இரவில் படிப்பு என்பது ஒத்துவரும். இரவில் படிப்பு, அதே இரவில் புது மொழி என்று அகலக்கால் வைத்தால் இரண்டும் கெடும்.

தேர்ந்தெடுத்ததை இரண்டு கேள்விகளால் சோதியுங்கள். முதல் கேள்வி: இதைச் சாதித்தது ஒருவருக்கும் தெரியாமல் போனாலும் இதைச் செய்வேனா? எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள் பல பத்தாண்டுகளாக வளர்த்தெடுத்த கோட்பாட்டின் மையம் இதுதான். தன் விருப்பத்தில் எடுத்த காரியத்தில் மனிதர்கள் நீண்ட நாள் நிற்கிறார்கள். பிறருடைய வற்புறுத்தலுக்கோ குற்ற உணர்ச்சிக்கோ பயந்து எடுத்தது சீக்கிரம் தளர்ந்துபோகிறது. ஆனால் எல்லா இலக்கும் ஆசைப்பட்டு எடுப்பதாக இருக்க முடியாது. பிழைப்புக்காக எழுதவேண்டிய தேர்வும் இருக்கும். அப்படியானால், தேர்ச்சி பெற்றால் உங்கள் அன்றாட வாழ்க்கையில் எது மாறும் என்பதை இரண்டு வரியில் எழுதி முடியுங்கள். ‘பதவி உயர்வு’ என்று எழுதினால் போதாது. ‘இரவு ஷிஃப்ட்டிலிருந்து விடுபடுவேன்’ என்று எழுதினால் அதற்குப் பிடிப்பு உண்டு.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை: இதற்கு வேண்டிய நேரத்தை எதிலிருந்து எடுக்கப்போகிறேன்? வாரத்துக்கு 5 மணி நேரம் தேவை என்றால் அந்த 5 மணி இப்போது ஏதோ ஒன்றில் செலவாகிக்கொண்டிருக்கிறது. ஒரு வாரம் மாலை நேரம் எங்கே போகிறது என்று அரை மணிக்கு ஒரு முறை குறித்துப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. அதை வெட்டினால் கவனமும் நினைவாற்றலும் குறைந்து, கூடுதலாகக் கிடைத்த நேரம் வீணாகத்தான் போகும். எதையும் விட மனமில்லை என்றால், அந்த இலக்கை இந்த மூன்று மாதத்துக்கு எடுக்காமல் இருப்பதே நேர்மையான முடிவு.

இலக்கை எழுதும் விதம்

‘நன்றாகப் படிக்க வேண்டும்’, ‘உடம்பைக் குறைக்க வேண்டும்’ என்பவை ஆசைகள். இலக்குக்கு எண்ணும் தேதியும் வேண்டும். எட்வின் லாக், கேரி லேதம் என்ற உளவியலாளர்களின் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியது இதைத்தான்: ‘முடிந்தவரை செய்’ என்பதைவிட, குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு அதிக வேலையை வாங்குகிறது. 1975இல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் மரக்கட்டை ஏற்றிச்செல்லும் லாரி ஓட்டுநர்கள் சட்டம் அனுமதித்த எடையில் ஏறத்தாழ 60 சதவீதம்தான் ஏற்றிவந்தார்கள். 94 சதவீதம் என்று ஓர் எண்ணைச் சொன்ன பிறகு, கூடுதல் பணம் எதுவும் கொடுக்காமலேயே, சில மாதங்களில் அது 90 சதவீதத்தைத் தாண்டியது. எடை வரம்பும் லாரியும் ஆட்களும் அவைதான். எதை நோக்கிப் போகிறோம் என்பது மட்டும் தெளிவானது.

தாளில் மூன்று வரி எழுதுங்கள். முதல் வரி முடிவு: ‘16ஆவது வாரம் நடக்கும் தேர்வில் தேர்ச்சி.’ இரண்டாவது வரி செயல்: ‘வாரத்தில் 5 நாள், நாளுக்கு 8 பக்கம்.’ மூன்றாவது வரி இடைக்கட்டத் தேதிகள்: ‘4ஆவது வாரக் கடைசியில் 160 பக்கம், 8ஆவது வாரக் கடைசியில் 320, 12ஆவது வாரக் கடைசியில் 480.’ முதல் வரி உங்கள் கையில் முழுதாக இல்லை. வினாத்தாள் கடினமாக வரலாம், அன்று காய்ச்சல் வரலாம். இரண்டாவது வரி முழுக்க உங்கள் கையில். தினமும் பார்க்கவேண்டியது இரண்டாவது வரியைத்தான்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. அடிப்படையே தெரியாத புதுத் திறமை ஒன்றைத் தொடங்கும்போது கடினமான முடிவு இலக்கு பல நேரம் கெடுதல் செய்கிறது. எண்ணைப் பிடிக்கும் அவசரத்தில், சரியான முறையைக் கற்கும் பொறுமை போய்விடும். நீச்சல் தெரியாதவர் முதல் மாதத்தில் ‘20 சுற்று’ என்று இலக்கு வைத்தால் தவறான கையசைப்பே பழகிப்போகும். அந்தக் கட்டத்தில் இலக்கு கற்றலைப் பற்றியதாக இருக்கட்டும்: ‘இந்த மாதம் மூச்சு வாங்கும் முறையையும் கால் உதைப்பையும் சரிசெய்வேன்.’ அடிப்படை கைவந்த பிறகு எண்ணுக்குப் போகலாம்.

கணக்குப் போடாமல் தொடங்காதீர்கள்

ஒரு வேலை முடிய எவ்வளவு நாள் ஆகும் என்று கணிப்பதில் மனித மனம் நம்பத்தக்கதல்ல. 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் தாங்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு 49 நாளுக்குக் கொஞ்சம் குறைவாகச் சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். மோசமான கணிப்பு என்று நினைத்தே சொன்னதும்கூடப் போதவில்லை. டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979லேயே இதற்குத் ‘திட்டமிடல் பிழை’ என்று பெயர் வைத்து விளக்கினார்கள். வேலை எப்படி நடக்கும் என்று மனதில் படம் ஓட்டிப் பார்க்கும்போது தடங்கல்கள் அந்தப் படத்தில் வருவதில்லை. இதே மாதிரி வேலைகள் முன்பு எவ்வளவு நேரம் எடுத்தன என்று பார்த்தால்தான் கணிப்பு உண்மைக்கு அருகில் வரும்.

அதனால் திட்டம் போடுமுன் மூன்று நாள் அளந்து பாருங்கள். உதாரணத்தில், குறிப்பெடுத்துக்கொண்டு 45 நிமிடம் படிக்கையில் சராசரியாக 6 பக்கம் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்துக்கு ஏழரை நிமிடம். இப்போது காலத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள். 16 வாரத்தில் கடைசி 3 வாரம் திருப்புதலுக்கும் மாதிரித் தேர்வுக்கும். 1 வாரம் நோய், பயணம், விசேஷம் என்று எதிர்பாராதவற்றுக்கு. மீதி 12 வாரம். 480 பக்கத்தை 12ஆல் வகுத்தால் வாரத்துக்கு 40. ஐந்து நாள் படிப்பு, ஆறாம் நாள் விட்டுப்போனதைப் பிடிக்க, ஏழாம் நாள் ஓய்வு. நாளுக்கு 8 பக்கம், அதாவது 60 நிமிடம்.

அளந்தபோது 45 நிமிடத்தில் 4 பக்கம்தான் வந்தது என்றால் நாளுக்கு 90 நிமிடம் வேண்டும். அந்த 90 நிமிடம் உங்களிடம் இல்லை என்றால் இப்போதே மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள்: தேர்வைத் தள்ளிப்போடுங்கள், பாடப்பகுதியில் முக்கியமானதை மட்டும் எடுங்கள், அல்லது வார இறுதியில் ஒரு நீண்ட அமர்வைச் சேருங்கள். வேகத்தை மட்டும் தாளில் கூட்டி எழுதாதீர்கள். இரண்டாவது வாரமே பின்தங்கி, அந்தப் பின்தங்கலே மனதை உடைத்துவிடும். அளக்கவே முடியாத வேலை என்றால், தோன்றிய காலத்தை ஒன்றரை மடங்காக்கித் திட்டமிடுங்கள்.

எப்போது, எங்கே, என்ன

முறை முழுவதிலும் உழைப்புக்கு அதிகப் பலன் தரும் இடம் இது. 2002இல் பிரிட்டனில் பல்கலைக்கழக மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், அடுத்த ஒரு வாரத்தில் ஒருமுறையாவது 20 நிமிடம் தீவிர உடற்பயிற்சி செய்யவேண்டும் என்பது இலக்கு. சும்மா விடப்பட்ட குழுவில் 38 சதவீதம் பேர் செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படிக்கக் கொடுத்து ஊக்கமூட்டிய குழுவில் 35 சதவீதம் பேர். அதே ஊக்கத்தோடு, எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் செய்வேன் என்று ஒரு வாக்கியமும் எழுதவைத்த குழுவில் 91 சதவீதம் பேர். ஊக்கப் பேச்சு மட்டும் ஒன்றையும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் இந்த வகைத் திட்டத்தை நீண்ட காலம் ஆராய்ந்தவர். ஒரு குறிப்பிட்ட சூழலையும் ஒரு செயலையும் முன்பே முடிச்சுப் போட்டுவிட்டால், சூழல் வந்ததும் செயல் தானாக நினைவுக்கு வருகிறது. அந்த இடத்தில் யோசிக்கவேண்டிய தேவை குறைகிறது.

வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும், ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து, நேற்று விட்ட பக்கத்திலிருந்து படிப்பேன்.’ கடிகார நேரத்தைவிட ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலோடு இணைப்பது உறுதியானது. எட்டு மணி என்று வைத்தால், ஒரு நாள் எட்டேகால் ஆனதும் ‘இன்று நேரம் போய்விட்டது’ என்று மனம் சாக்குச் சொல்லும். சாப்பாடு எப்படியும் நடக்கும். இணைக்கும் செயல் தினமும் நடப்பதாகவும், முடிந்த கணம் தெளிவாகத் தெரிவதாகவும் இருக்க வேண்டும். ‘ஓய்வு கிடைக்கும்போது’ என்பதற்கு அப்படி ஒரு கணமே கிடையாது.

பிறகு தடங்கல்களை எழுதுங்கள். உளவியலாளர் கேப்ரியல் எட்டிங்கனின் ஆய்வுகளின்படி, வெற்றியை மட்டும் கற்பனை செய்து மகிழ்பவர்களுக்கு முயற்சியின் வேகம் குறைகிறது. வெற்றியையும் அதற்கு எதிரே நிற்கும் உண்மையான தடையையும் அடுத்தடுத்து நினைத்துப் பார்ப்பவர்கள் கூடுதலாகச் செயலில் இறங்குகிறார்கள். உங்களை இதற்கு முன் கவிழ்த்த மூன்று காரணங்களை நினைவுபடுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம்: ‘வேலை முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வீடு வந்தால், 2 பக்கம் மட்டும் படிப்பேன்.’ ‘வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், மறுநாள் காலை 20 நிமிடம் முன்னதாக உட்காருவேன்.’ ‘கையில் போன் எடுத்துவிட்டேன் என்று தெரிந்தால், எழுந்துபோய் அடுத்த அறையில் வைத்துவிட்டு வருவேன்.’ மூன்று போதும். பத்து எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

இதோடு சூழலையும் மாற்றிவிடுங்கள். புத்தகம், பேனா, நோட்டு மூன்றும் மேசையில் திறந்தபடி இருக்கட்டும். போன் அறைக்கு வெளியே. தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய சில்லறை வேலைகள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்குத் தள்ளிப்போடுவதும் குறையும். கெட்ட பழக்கத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யுங்கள்: செயலியை நீக்குங்கள், கடவுச்சொல்லைக் கொடுத்தே நுழையும்படி வையுங்கள்.

குறித்து வைப்பது

நாட்காட்டியில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் படித்த பக்க எண்ணிக்கையை எழுதுங்கள். வெறும் டிக் போதாது. 8 என்றும் 2 என்றும் எழுதினால்தான் வாரக் கடைசியில் கணக்கு தெரியும். 2016இல் வெளியான, 138 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு மதிப்பீட்டில், முன்னேற்றத்தைக் கண்காணிப்பது இலக்கை அடைய உதவுவது உறுதியானது. கணக்கை எழுத்தில் பதிந்தவர்களுக்கும் மற்றொருவருக்குத் தெரியும்படி வைத்தவர்களுக்கும் பலன் இன்னும் அதிகமாக இருந்தது.

எதை அளப்பது என்பதில் கவனம் தேவை. எடை குறைக்க முயல்பவர் தினமும் எடை பார்த்தால், உடம்பிலுள்ள நீரின் அளவு மாறுவதாலேயே ஒரு கிலோ ஏறி இறங்கும். ஒழுங்காக நடந்த நாளுக்கு மறுநாள் எடை கூடியிருந்தால் மனம் விட்டுப்போகும். நடந்த நிமிடங்களைத் தினமும் குறியுங்கள். எடையை ஏழு நாள் சராசரியாக மட்டும் பாருங்கள்.

மற்றவரிடம் சொல்வதிலும் இரண்டு வகை உண்டு. ‘நான் தேர்வு எழுதப்போகிறேன்’ என்று எல்லோரிடமும் அறிவித்து வாழ்த்து வாங்கினால், பாதி சாதித்துவிட்ட திருப்தி முன்கூட்டியே வந்துவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் எண்ணை அனுப்புவது வேலைசெய்யும்: ‘இந்த வாரம் 36/40.’ அந்த ஒருவர் திட்டுபவராக இருக்கக் கூடாது. குறைந்த எண்ணை மறைக்கத் தோன்றாத உறவாக இருக்க வேண்டும்.

மனம் சலிக்கும்போது

தொடக்கத்தில் புதுமை இழுத்துச் செல்லும். முடிவு நெருங்கும்போது கோடு தெரிவதால் வேகம் தானாகக் கூடும். நடுவில்தான் பாலைவனம். 12 வாரத் திட்டத்தில் 5 முதல் 8 வரையான வாரங்களில் சலிப்பு வரும் என்று முன்பே எதிர்பாருங்கள். வந்தால் திட்டம் தோற்றது என்று அர்த்தமில்லை. அந்த வாரங்களில் 480ஐப் பார்க்காதீர்கள், அந்த வாரத்தின் 40ஐ மட்டும் பாருங்கள். பாதிக்கு முன் ‘எவ்வளவு முடித்தேன்’ என்றும், பாதிக்குப் பின் ‘எவ்வளவு மிச்சம்’ என்றும் எண்ணினால், கண்ணெதிரே எப்போதும் சிறிய எண் இருக்கும். சிறிய எண்ணில் ஒவ்வொரு நாள் வேலையும் பெரிதாகத் தெரியும்.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருங்கள். உதாரணத்தில் 2 பக்கம், 15 நிமிடம். மோசமான நாளில் அதைச் செய்தால் அன்றைய கணக்கு முடிந்தது, மனதில் பாக்கி வைக்க வேண்டாம். அது கூடப் பெரிதாகத் தோன்றினால் அளவை மேலும் குறையுங்கள். ஆனால் அதே இடத்தில், அதே நேரத்தில் உட்காருவதை மட்டும் விடாதீர்கள். பழக்கம் உருவாவது அந்த உட்காருதலில்தான்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை. லண்டனில் பிலிப்பா லேலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்ற எளியவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமாகப் படிந்தது. 22ஆம் நாளும் கடினமாக இருந்தால் உங்களிடம் கோளாறு எதுவும் இல்லை. அதே ஆய்வில், ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படி பாதிக்கவில்லை.

ஒரு நாள் தவறுவது கெடுப்பதில்லை. தவறிய மறுநாள் மனம் சொல்லும் ‘கெட்டது கெட்டாச்சு’ என்ற சமாதானம்தான் கெடுக்கிறது. உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் ஒரு துண்டு அதிகம் சாப்பிட்டதும் அன்று முழுக்க விட்டுவிடுவதை உளவியலாளர்கள் தெளிவாகப் பதிந்திருக்கிறார்கள். இதற்கு ஒரு விதி வையுங்கள்: அடுத்தடுத்து இரண்டு நாள் தவறக் கூடாது. தவறிய மறுநாள் குறைந்தபட்ச அளவு மட்டும் செய்தால் போதும். விட்டதைச் சேர்த்து 16 பக்கம் படிக்க முயலாதீர்கள். பெரிதாகிவிட்ட அந்த எண்ணே மறுபடியும் தள்ளிப்போட வைக்கும். விட்டதைப் பிடிக்க ஆறாம் நாள் ஒதுக்கியிருக்கிறோம்.

பரிசு கொடுத்துக்கொள்ளலாமா? சலிப்பான, தவிர்க்க முடியாத வேலைக்குச் சிறு பரிசு உதவும். ஏற்கெனவே பிடித்துச் செய்யும் வேலைக்கு வேண்டாம். 1973இல் வெளியான ஆய்வில், படம் வரையப் பிடித்த குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டிச் சொல்லி வரையவைத்தபோது, பிறகு அவர்கள் தாங்களாக வரைவது குறைந்துபோனது.

வாரத்துக்கு இருபது நிமிடம்

ஞாயிறு மாலையோ உங்களுக்கு வசதியான வேறொரு நிலையான நேரமோ. நாட்காட்டியை எடுத்து வாரக் கூட்டுத்தொகையைப் போடுங்கள். எந்த நாளில் குறைந்தது, ஏன் என்று ஒரே வரி எழுதுங்கள். ‘சோம்பல்’ என்று எழுதக் கூடாது, நடந்ததை எழுத வேண்டும்: ‘செவ்வாய் கூட்டம் நீண்டது’, ‘வியாழன் பாடம் புரியவில்லை, அங்கேயே நின்றுவிட்டேன்.’ காரணம் தெரிந்தால் மாற்றம் தெரியும். செவ்வாய்க்குக் குறைந்தபட்ச அளவையே திட்டமாக்கலாம். புரியாத பாடத்துக்கு யாரிடம் கேட்பது என்று முடிவுசெய்யலாம். ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம் மட்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

எண்களை இப்படிப் படியுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து 40க்கு 35க்கு மேல் என்றால் எதையும் தொடாதீர்கள். மூன்று வாரம் 28க்குக் கீழ் என்றால் அளவு அதிகம் அல்லது நேரம் தவறு. அளவைக் கால் பங்கு குறையுங்கள், அல்லது நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள், அதற்கேற்ப முடிவுத் தேதியையும் திருத்துங்கள். தேதியைத் திருத்துவதைத் தோல்வியாக நினைத்து, எட்டாத பழைய தேதியைப் பிடித்துத் தொங்குபவர்கள்தான் கடைசியில் முழுவதுமாகக் கைவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எந்த வேலையிலும், முன்பு பிடித்தவற்றிலும்கூட, நாட்டமே இல்லாமல் தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் அப்படியே போனால், அதற்குத் திட்டமிடல் மருந்தல்ல. மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், இலக்கு காத்திருக்கும்.

கைவிடும் முடிவு

சில இலக்குகளை விட்டுவிடத்தான் வேண்டும். ஆனால் அதைச் சலிப்பான செவ்வாய்க்கிழமை இரவில் முடிவுசெய்யக் கூடாது. தொடங்கும் நாளிலேயே பரிசீலனைத் தேதி ஒன்றைக் குறித்துவிடுங்கள், உதாரணத்தில் 6ஆவது வாரக் கடைசி. அதுவரை விடுவதைப் பற்றிய பேச்சே இல்லை. அன்று மூன்றைப் பாருங்கள்: முதல் நாள் எழுதிய காரணம் இன்னும் உண்மையா, அளவைக் குறைத்தும் எண்கள் ஏறவில்லையா, இதற்காக விடும் மற்ற காரியம் இப்போது அதைவிட முக்கியமாகிவிட்டதா. மூன்றில் இரண்டு எதிராக இருந்தால் தயங்காமல் நிறுத்திவிட்டு, அந்த நேரம் இனி எதற்கு என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். எட்ட முடியாததை விட்டுவிட்டு வேறொன்றில் கால் பதிப்பவர்கள் மன நலத்தோடு இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காலியாக விடப்பட்ட ஒரு மணி நேரம் ஒரு வாரத்துக்குள் போனிடம் போய்விடும், ஆகவே மாற்று முடிவாகாமல் நிறுத்தாதீர்கள்.

இலக்கை எட்டியவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. தேர்வு முடிந்த மறுநாளே அந்த ஒரு மணி நேரப் பழக்கம் கலையத் தொடங்கும். ஒரு வாரம் ஓய்வெடுங்கள். ஆனால் அடுத்து அதே மேசையில், அதே நேரத்தில் என்ன செய்வது என்பதைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைப் பரிசீலனையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.